தேனீக்கள் கிழித்த செய்தித்தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை அம்மா கண்ணெதிரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திட்டு வாங்குவீர்கள்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. நானும் எங்கள் பட்டறைத் தச்சரும் ஒரே தோட்டத்தில்தான் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். அவர் பெட்டியில் ராணி செத்துப்போய்க் கொஞ்சம் ஈக்களே மிஞ்சின. என் பெட்டியோடு சேர்த்துவிடலாம் என்றேன். நேராகச் சேர்த்தால் ஒன்றையொன்று கொட்டிக் கொன்றுவிடும். என் பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அவர் பெட்டியை வைக்க வேண்டும். இரு பக்கமும் அதைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாடை கலந்து பழகிவிடும்.

"பேப்பரா? இப்ப யாரும்மா வாங்குறா?" என்று தச்சர் கையை விரித்துவிட்டார்.

நீங்கள் செருப்பைச் சுற்றி அனுப்பிய தாளைக் கொடுத்தேன். மரண அறிவிப்பு வரை மனப்பாடமான தாள்தான், போகட்டும். நீங்கள் பாதி போட்டிருந்த குறுக்கெழுத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கி வைக்கும்போது ஓர் ஈ இமையில் கொட்டியது. வீக்கம் வடிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்று பெட்டி வாசலெல்லாம் காகிதத் துகள். குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா தேடுறே?" என்றார் தச்சர்.

"ஒண்ணுமில்லண்ணே. சண்டையில்லாம சேர்ந்துடுச்சு," என்றேன்.

பஸ் வரும் நேரம். அடுத்த முறை செருப்பு, துணி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு சோப்பை வைத்தாவது நாலைந்து தாளாகச் சுற்றி அனுப்புங்கள். குறுக்கெழுத்தை மட்டும் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். எனக்கும் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

உங்கள் மகள்