இரண்டு கிண்ணம் சூப்பு

ஆம்ஸ்டர்டாம்,
14 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பி ஹார்ட்டோக்குக்கு,

அக்கா ப்ளோரா எழுதுவது. இங்கே நான் நலம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் சண்டை போடுகிறது. மெல்போர்னில் உனக்கும் மகள் மிரியமுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சுகம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒழுகும் ஜன்னலை மாற்றச் சொல்லி வீட்டுக்காரனோடு மூன்று மாதமாக மல்லுக்கு நிற்கிறேன்.

முந்தாநாள் மிரியம் போன் செய்தாள். போன வருஷம் யோம் கிப்பூர் பாவமன்னிப்பு விரதத்தன்று நீ ஜெப ஆலயத்தில் மயங்கி விழுந்ததை இப்போதுதான் சொல்கிறாள். சர்க்கரை வியாதிக்காரன் ஊசியும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் என்ன ஆகும்? இந்தத் தடவை உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஜெப ஆலயத்து ரபியே வீடு தேடி வந்து, "உயிருக்கு ஆபத்துன்னா சாப்பிடறதுதாம்ப்பா கட்டளை" என்று சொல்லியாயிற்று. நீ மசியவில்லையாம். "சின்ன வயசுல அந்த விரதத்தை முறிச்சேன், அதனாலதான் எங்கம்மா போயிட்டா" என்று அழுதாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஐம்பத்து நாலு வருஷமாக நீ இதைச் சுமந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதும் பாதிப் பொய்தான். நான் கேட்கவே இல்லை.

நாஜிகள் நம்மை அடைத்துவைத்த பெல்சன் முகாமில் நாம் இருந்த பெண்கள் கொட்டகை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. உனக்கு ஏழு வயசு, எனக்குப் பத்து. அப்பா ஆண்கள் கொட்டகையில் அந்தக் கோடையிலேயே போய்விட்டார். பழைய பூட்ஸுகளைப் பிரித்துப் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டாள். காலையில் ஐந்து ஐந்து பேராக நிறுத்தி எண்ணுவார்கள். கணக்குத் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. மணிக்கணக்காக மழையில் நிற்போம். நீ என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாய். சூப்பு வரிசையில் கடைசி ஆளாக நில், அண்டாவின் அடியில்தான் கிழங்குத் துண்டு கிடக்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

விரத நாள் வந்தது. கீழ்ப் படுக்கை திருமதி வாஸ் தியாஸ், "இங்க தினமும் விரதம்தான், கடவுளுக்கு இதுக்கு மேல என்னடி வேணும்? பேசாம தின்னுங்க" என்று எல்லாரையும் அதட்டினாள். பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. "சின்னப் பிள்ளைங்க விரதம் இருந்தா உடனே பலிக்கும்டா. நட்சத்திரம் வர்ற வரைக்கும் நாக்குல எதுவும் படக்கூடாது. பட்டா அம்மா பிழைக்கமாட்டா" என்று உன்னிடம் சொன்னேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகக் கட்டிய கதை. காலையில் நானும் அதை நம்பினேன், அது மட்டும் சத்தியம்.

நட்சத்திரம் வருவதற்குள் நீ காலிக் கிண்ணத்தை நக்கிவிட்டாய். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். இவ்வளவுதானே உன் பாவம்?

இப்போது என்னுடையதைக் கேள். மத்தியானம் இரண்டு கிண்ணத்திலும் சூப்பு வாங்கினேன். சாயங்காலம் அம்மாவுக்குக் கொடுப்போம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கை கழுவும் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைக்க எடுத்துப்போனேன். ஒளிக்கத்தான் போனேன். ஒரே ஒரு வாய் என்று ஆரம்பித்தேன். என்னுடையது முடிந்ததும் உன்னுடையதையும் எடுத்தேன். அன்றைக்குக் கிழங்கு நிறையவே இருந்தது. நீ அம்மாவின் காலடியில் பட்டினியோடு காவல் இருந்தாய். நீ நக்கிய கிண்ணம் நான் குடித்து முடித்துக் கொண்டுவந்து வைத்தது, தம்பி.

சூப்பு குடித்ததால் அம்மா செத்தாள் என்றால், கொன்றவள் நான். ஆனால் அப்படி இல்லை. அவளைக் கொன்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது என் புத்திக்குத் தெரிகிறது, மனசுக்குத்தான் இன்னும் எட்டவில்லை.

போர் முடிந்து அனாதை இல்லத்தில் ஒரே கட்டிலில் படுத்திருந்தோமே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் சொல்லியிருக்கலாம். "எங்கக்கா இல்லேன்னா நான் இல்ல" என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்த நல்ல பேரை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று நட்சத்திரம் வந்த பிறகு, நீ தூங்கிவிட்டாய். அம்மா கண்ணைத் திறந்து, "தம்பி சாப்பிட்டானா?" என்று என்னிடம் கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். சரி என்பதுபோல் தலையை அசைத்தாள். அதன் பிறகு போகும்வரை அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

வருகிற முப்பதாம் தேதி காலையில் மிரியம் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைப்பாள். முகத்தைத் திருப்பாதே. விரதத்தை உனக்கும் சேர்த்து நான் இருக்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காக இருப்பேன்.

புது வருஷத்தில் கடவுள் எழுதும் ஏட்டில் உன் பெயர் நீண்ட ஆயுளோடு எழுதப்படட்டும். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று பிறகு யோசித்துக்கொள். முதலில் சாப்பிடு. அம்மாவிடம் நான் சொன்ன பொய்யை உன் ஒருவனால்தான் மெய்யாக்க முடியும்.

உன் அக்கா,
ப்ளோரா