டேப் சுற்றிய கைப்பிடி

மச்சான்,

நான் இதை எழுதும் மேசையில் உன் பிஸ்டல் கைப்பிடியின் ஒரு பக்க மரத்தகடு கிடக்கிறது, இரண்டு துண்டாக. பன்னிரண்டு வருஷமாக நீ அதில் சுற்றி வைத்திருந்த கறுப்பு டேப்பைச் சனிக்கிழமைதான் உரித்தேன். அந்தப் பிசுக்கு வாசம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். மனைவிக்கு அண்ணன், எங்கள் மூன்று பேரின் கிரீன் கார்டுக்கும் கையெழுத்துப் போட்ட ஆள். இன்றைக்கு அந்த மரியாதை வரவில்லை. பொறுத்துக்கொள். பொறுக்க முடியாவிட்டாலும் உன்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது.

உன் கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து உன் வீட்டு அக்கா போன் செய்தார்.

"தம்பி, அவரு பிஸ்டலு அலமாரியில அப்படியே கெடக்குதுங்க. ஒடஞ்ச கோலத்துல பாக்கப் புடிக்கல. இந்த ஆயுத பூஜைக்கு ஒருக்கா சாமிகிட்ட வச்சிட்டு, அவரோட ரேஞ்சுக்குச் சுடப் போவாரே, அந்த ஃப்ரெண்டுகிட்டக் கொடுத்துடலாம். கைப்பிடி மட்டும் மாத்தித் தர்றீங்களா?"

உடைத்தவன் நான். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஹூஸ்டனில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தன் தாத்தா வயது என்றார். ஆன்லைனில் இரண்டு ஜோடி வாங்கினேன். படத்தில் பொருந்தியது, நேரில் பொருந்தவில்லை. எல்லாம் இன்று விற்கிற மாடலுக்கு. உன்னுடையதில் திருகுத் துளை ஒரு நெல்லளவு தள்ளி இருக்கிறது. உன்னை மாதிரியே, யாருக்கும் வளைந்து கொடுக்காத சாமான். கடைசியில் ஆர்கன்சாவில் ஒரு கிழவர் கிடைத்தார். மரத்தில் கையாலேயே இழைத்துத் தருகிறார். முழுசாக இருக்கிற பக்கத்தை அனுப்பினால் போதும், அதைப் பார்த்து இரண்டையும் வெட்டிக்கொள்வேன் என்றார். உடைந்ததற்கு ஒரு போட்டோ வேண்டும், டேப்பைப் பிரித்துவிட்டு, உள்பக்கம் தெரிகிற மாதிரி.

பிரித்தேன்.

உடைந்த விளிம்பில் பழுப்பாய்க் காய்ந்த பசை, இரண்டு துண்டிலும். உள்பக்கத்தில் பென்சிலில் உன் கையெழுத்து. 'எபாக்ஸி' என்று எழுதி, கீழே வருஷத்தோடு ஒரு ஜூன் மாதத் தேதி. ஏசி ஃபில்டரோ கார் பேட்டரியோ, எதை மாற்றினாலும் தேதி எழுதாமல் விடமாட்டாயே. நாங்கள் டெக்சாஸில் வந்து இறங்கியதே அந்த வருஷம் ஆகஸ்டில்தான். நான் அதை உடைத்தது அக்டோபரில்.

ஆக, நான் உடைக்கவில்லை. நீ முன்பே உடைத்து ஒட்டி வைத்தது என் கையில் விட்டுப்போயிருக்கிறது. அது உனக்குத் தெரியும்.

அந்த ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? உன் வீட்டு ஹாலில் பலகை போட்டு லேப்டாப், கார் சாவிகள், டிரில், நடுவில் அந்தப் பிஸ்டல். குண்டையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு தடவை சரிபார்த்து வைத்தாய். "மாப்ள, நீங்க ஐடிஐ ஃபிட்டர். ஆயுதமெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட். பொட்டு வையுங்க" என்றாய். ஊரில், கரூர்ப் பட்டறையில் லேத்துக்குச் செய்கிறபடி முதலில் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். டக். பாதித் தகடு என் உள்ளங்கையில். இருபது பேர் பார்க்கிறார்கள். பட்டுப்பாவாடையோடு என் எட்டு வயது மகளும் பார்க்கிறாள்.

நீ ஒரு நொடி என் கையைப் பார்த்தாய். அந்த நொடியை மூன்று நாளாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'அது முன்னமே விட்டிருந்தது மாப்ள' என்று சொல்ல அந்த ஒரு நொடி தாராளம். நீ சொன்னது வேறு.

"என்னங்க மாப்ள, துப்பாக்கிக்கே எண்ணெய்க் குளியலா? சளி புடிச்சுக்கப் போகுது!"

வீடே சிரித்தது. நானும்.

அதோடு விட்டிருந்தால் நீ மனுஷன். திரும்ப ஒட்டப் பத்து நிமிஷம் ஆகாது உனக்கு. ஒட்டவில்லை. டேப்பைச் சுற்றிக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டாய். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அலமாரியைத் திறப்பாய். "எங்க மாப்ள ஐடிஐ ஃபிட்டருங்க" என்று ஆரம்பிப்பாய். அந்த ஒரு வரிக்கே பாதிப்பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்தக் கதை பழகிவிட்டது. நீ மூச்சு வாங்குகிற இடத்தில் நான் எடுத்துக் கொடுப்பேன். 'அடுத்த வருஷம் மொட்டை போட்டுக் காது குத்தலாம்னு இருந்தோம்' என்ற வரி என்னுடையது. அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

ஆனால் மகளின் சைக்கிள் செயின் கழன்ற அன்று நான் ஸ்பேனரோடு போய் உட்கார்ந்தேன். அவள் சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நோ அப்பா, நீங்க தொடாதீங்க. மாமா வந்து ஃபிக்ஸ் பண்ணட்டும்." பகலெல்லாம் வேர்ஹவுஸில் கன்வேயரைக் கழற்றி மாட்டுகிற கை இது. நீ வந்தாய். இரண்டு நிமிஷத்தில் மாட்டினாய். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். துப்பாக்கியை விட்டுவிடுகிறேன், மச்சான். அந்தக் கண்ணடிப்பை விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துண்டுகளை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். நாற்பது நிமிஷ டிரைவ், வழியெல்லாம் ஒத்திகை. அவர் காபி கொண்டுவந்து வைத்ததும், உன் எழுத்து மேலே தெரியும்படி இரண்டையும் டேபிளில் திருப்பி வைத்தேன். அக்கா கண்ணாடி கூடப் போடவில்லை.

"இது எனக்குத் தெரியுமே தம்பி. கராஜ்ல கீழ போட்டு ஒடச்சது அவருதான். ஒட்டும்போது நாந்தான் புடிச்சுக்கிட்டேன்."

"தெரியுமாக்கா?"

"உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன். அவரைவிட நீங்கதான் அதிகமாச் சிரிப்பீங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஆடுறீங்கன்னு இருந்தேன்."

காபி ஆறிப்போனது. உன் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தளும்பி என் மேலேயே கொட்டிக்கொண்டது. அதனால் உன் பங்கு குறைந்துவிட்டதாக நினைக்காதே.

கிளம்பும்போது அக்கா சொன்னார். "பூஜைக்கு எல்லாரும் வருவாங்க. இந்த வருசம் அந்தக் கதைய நீங்களே சொல்லிடுங்க தம்பி. அவரு இருக்கற மாதிரி இருக்கும்."

"சொல்றேங்க்கா. ஆனா நடந்தபடி சொல்லுவேன்."

அக்கா துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். பசை இருந்த இடத்தில் பொருந்தவில்லை.

"அவரைப் பாத்துச் சிரிப்பாங்களே."

"ஆமாங்க்கா."

வாசற்கதவு வரைக்கும் வந்தபிறகுதான் பதில் வந்தது. "சரி, சொல்லுங்க. நான் கிச்சன்ல இருந்துக்கறேன்."

முழுத் தகட்டை நேற்று கிழவருக்குப் பார்சல் போட்டேன். பூஜைக்குள் வந்துவிடும். உடைந்ததை நான் வைத்துக்கொண்டேன். மகள் சான் ஹோசேயிலிருந்து வர டிக்கெட் போட்டுவிட்டாள். அவள் காதில் விழத்தான் சொல்லப்போகிறேன். வண்டி ஓட்டும்போதும், கன்வேயருக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். 'அது நான் ஒடைக்கல' என்று தொடங்கினால் கோர்ட்டு வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. 'மச்சான் ஒரு பொய் சொன்னாரு' என்றால் கிச்சனில் நிற்கிற அக்கா கண்ணுக்குள் வருகிறார். வாயைத் திறந்தால் தானாக 'எங்க மாப்ள ஐடிஐ ஃபிட்டருங்க' என்றுதான் வருகிறது, அதுவும் உன் குரலில்.

அவ்வளவு நல்ல ஆரம்பம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், படுபாவி.