தலைகீழாய் வந்த சீட்டு

ஜூன் 1, ஞாயிறு
லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கடை போட்டிருக்கும் ஹைதர் அண்ணனிடம், செக்கி என்ற சீட்டாட்டத்துக்கான கட்டு ஒன்று கிடைத்தது, மலாக்காவிலிருந்து வந்தது. விரல் அகலத்தில் நீளச் சீட்டுகள், ஓரம் மட்டும் கொஞ்சம் அழுக்கு. வீட்டில் என் பினாங்குக் கட்டோடு பரப்பிப் பார்த்தேன். படங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எந்தச் சீட்டு என்று காட்டும் கறுப்புக் குறி, பினாங்குச் சீட்டில் இரண்டு முனையிலும் இருக்கிறது. மலாக்காச் சீட்டில் மேல்முனையில் மட்டும். ஏன்?

"ஆடத் தெரியுமா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டிருந்தார். இல்லையென்று தலையாட்டினேன்.

"சமைக்கத் தெரியாம சட்டி வாங்குற ஆளு லா நீ!"

ஜூன் 2
அம்மா பார்த்துவிட்டாள். "இந்த வீட்டுல மொத டிகிரி நீ. சீட்டுக்கட்டு பொறுக்கவா படிச்சே?" சாமி அலமாரிப் பக்கமே வைக்கக் கூடாதாம். துணிகளுக்கு நடுவே வைத்தேன்.

ஜூன் 7
சேகரிப்பாளர் சங்கத்து மோகனராஜ் சார் போன் செய்தார். 22ஆம் தேதி சின்னக் கண்காட்சி. என் இரண்டு கட்டும் வேண்டுமாம். "வெச்சிட்டு ஓடிடாதே. ஏன் வேற வேறயா இருக்குன்னு அஞ்சு நிமிஷம் பேசணும்." சரி என்றேன். நானா சொன்னேன்? ஆபீஸ் மீட்டிங்கில் கடைசி வரிசையைத் தேடி உட்காருகிறவள் நான்.

ஜூன் 10
பேச்சுக்கு எழுதியது: "குறி மாறுவது ஊர் வழக்கம்." அடித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் பாயான் பாரு ஃபேக்டரியில் ஒரு பழுதுக்கு இப்படிக் காரணம் எழுதினால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். வழக்கம் என்பது, தெரியாது என்பதற்கு இன்னொரு பேர்.

ஜூன் 13
கீழ்வீட்டு பீ லெங் ஆன்ட்டி செக்கி ஆடுவார். கதவு வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 15
இன்று தட்டினேன்! ஆன்ட்டி சிரித்தார். ரெண்டு பேர் போதாது, உங்கம்மாவையும் கூட்டி வா என்று மலாயில் சொன்னார்.

"காசு வெச்சா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா உட்கார்ந்தாள். வேர்க்கடலை வைத்து, மலாக்காக் கட்டில் ஆடினோம்.

கையில் விசிறி போல விரித்துப் பிடித்தால் சீட்டின் நுனி மட்டும்தான் தெரிகிறது. தலைகீழாய் வந்த சீட்டின் குறி உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. வேண்டாத சீட்டை அம்மா அப்படியே செருகினாள். பிடித்த சீட்டை மட்டும் திருப்பினாள். ஆன்ட்டி ஒவ்வொரு ஆட்டமும் ஜெயித்தார். கடைசியில் அவரே சொல்லிவிட்டார்: உங்கம்மா திருப்பினால் நல்ல சீட்டு!

"அடிப்பாவி, இவ்ளோ நேரம் என் கையையா பாத்துக்கிட்டு இருந்தே?" என்று அம்மா கத்தினாள்.

என் முறை வந்தது எனக்குத் தெரியவில்லை. பினாங்குச் சீட்டு போல இரண்டு முனையிலும் குறி இருந்தால் — திருப்பவே வேண்டாமே!

ஜூன் 22
பேசினேன். முதல் வரியிலேயே தடுமாறிவிட்டேன். உடனே மலாக்காச் சீட்டுகளை விரித்து, ஒன்றைத் தலைகீழாய்ச் செருகிக் காட்டினேன். அதன் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். அது எளிதாக இருந்தது. குறி மாறிய காரணம் என் ஊகம்தான் என்றும் சொன்னேன்.

மோகனராஜ் சார்: "அஞ்சு நிமிஷம்தானே கேட்டேன்? நிறுத்தவே மாட்டேங்கிறியே லா!"

ஜூன் 29
ஆன்ட்டி மேலே வந்திருக்கிறார். அம்மா கடலை வறுத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து கத்துகிறாள்: "மலாக்காக் கட்டு வேணாம்டி. பினாங்குக் கட்ட எடு!"