பன்னிரண்டாம் தேதியின் நான்கு தட்டுகள்

டிரினிட்டி விரிகுடா, நியூஃபவுண்ட்லாந்து
9 மார்ச் 1904

இல்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் கடிதம் கப்பலிலும் ரயிலிலுமாகப் பதினெட்டு நாள் வந்தது. நான்கு நாளாக என் மேலங்கிப் பையில் கிடக்கிறது.

ஹெஸ்டர் கண்ணு, இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்பைத் தவிர. அந்த அயர்லாந்துக் கரையில் உன் இருமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். விரிகுடாவில் பனிக்கட்டி இன்னும் நகரவில்லை. மாவு தீரப்போகிறது, உப்பு மீன் இருக்கிறது. தினமும் பதினோரு மணிக்கு அப்பாவும் பக்கத்து வீட்டு ஜோப் ஸ்னூக்கும் பட்டத்தை ஏற்றுகிறார்கள், பட்டத்திலிருந்து ஒரு கம்பி, அதன் முனை சமையலறை ஜன்னல் வழியே மேசைக்கு. பன்னிரண்டு அடித்ததும் அப்பா காதுக்குழாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கெட்டில் சத்தம் போடாதபடி அதை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவேன். கடலுக்கு அந்தப் பக்கம் நீ கம்பியில்லாத் தந்தியில் உன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டுவாய், தந்திக் குறியில் நான்கு குறுந்தட்டு.

பிப்ரவரியில் ஒன்பது நாள் கேட்டது. ஒன்பதும் குறிப்பேட்டில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி அவர் குழாயை என்னிடம் நீட்டி, "கெசையா, நீயே கேளு, நம்ம பொண்ணு தட்டுறா" என்றார். முதலில் இரைச்சல்தான், வாணலியில் கொழுப்பு பொரிகிற மாதிரி. பிறகு கேட்டது. நான்கு. உன் கை மாதிரியே கடைசித் தட்டில் கொஞ்சம் அவசரம். ஆமாம் என்றேன். அவர் எழுதினார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி முதல் பதினைந்து வரை எஞ்சின் ஓடவில்லை, தட்டை அனுப்பும் தீப்பொறி ஒன்றுகூட எழவில்லை, அப்பாவிடம் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய்.

அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எந்த நேரம், எந்த எழுத்து, யார் கை என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இரைச்சலுக்குள் அது இருக்கத்தான் செய்கிறது. அப்படியென்றால் மற்ற எட்டு நாள்? தெரியவில்லை.

நாளை மறுநாள் இதை விசாரிக்க செயின்ட் ஜான்ஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு கப்பல் முதலாளியும் வருகிறார்கள். அப்பா வேதப்புத்தகத்தில் கை வைத்து, ஒன்பது நாளும் கேட்டது என்று சொல்லப்போகிறார். பிறகு யாராவது உங்கள் பக்கத்துக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் போதும். பதினொரு வருஷ உழைப்பு. பொய்யன் என்ற பெயரோடு முடியும். கடலடித் தந்திக் கம்பி ஆபீஸ் ஆட்கள் இப்போதே கடையில் வைத்து அப்பாவிடம், "என்ன சைலஸ் அண்ணே, இன்னிக்குக் காத்து என்ன சொல்லுச்சு, மாவு எப்ப வரும்னு சொல்லுச்சா?" என்கிறார்கள். அவரும் விடாமல், "உங்க கம்பி கடலுக்கடியில துருப்பிடிக்குதுன்னு சொல்லுச்சுடா" என்கிறார். எந்தெந்த நாள் தட்டினாய் என்று அந்தக் கம்பியிலேயே உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கை வழியாகத்தான் போக வேண்டும், மாலைக்குள் ஊருக்கே தெரியும். அதனால்தான் கப்பல் கடிதத்தை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

நேற்று ஜோப்பிடம் மட்டும் சொன்னேன். பட்டத்தின் கிழிசலைத் தைத்துக்கொண்டே, "நான் கயித்தப் பிடிக்கிறவன் அக்கா, மேல என்ன போவுதுன்னு எனக்கென்ன தெரியும். ஆனா கையெழுத்துப் போட்டது நீங்கதானே" என்றான். ஆமாம். நான்தான்.

நெஞ்சுக்குக் கம்பளி சுற்றிக்கொள். தட்டும்போது கடைசித் தட்டில் அவசரப்படாதே. இன்னொன்று, இதை மறக்காதே. இனி எந்த எழுத்து என்று எங்களுக்குச் சொல்லாதே. தினம் ஒன்றை நீயே எடு, எழுதிப் பூட்டி வை, பிறகு கப்பலில் அனுப்பு. நாங்கள் தெரியாமல் கேட்கிறோம். ஒன்றும் கேட்காவிட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்றே எழுதுகிறோம்.

கர்த்தர் உன் மூச்சையும் கையையும் காக்கட்டும்.

உன் அம்மா,
கெசையா

இதை உறையில் இடுமுன் குறிப்பேட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே இருந்த என் பெயரை ஒரே கோடாக அடித்தேன். உன் கடிதத்தை அந்தப் பக்கத்தில் வைத்து மூடி, அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.