பாய்லர் சீறவில்லை

தம்பி,

தொழிலாளர்களுக்காகவே ஒரு துறவற சபையைத் தொடங்கியவன் நீ. ஆனாலும் உன்னை 'சுவாமி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் மகன் நடத்தும் ஆலையில் ஆபத்தான வேலையை உன் சபையார்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பது நீ வைத்த விதி. நாளைக் காலை உனக்குப் பாய்லர் வேலை என்று அவன் சாப்பிடும்போது சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஆவி மிஞ்சினால், வெடிக்காமல் அதை வெளியே விடும் அந்தப் பாய்லரின் வால்வு சீறுவது என் படுக்கையறை வரை கேட்கும். சில நாட்களாகக் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வால்வைக் கட்டி வச்சிருக்கோம்மா. நிம்மதியா தூங்குங்க."

"பாய்லர்காரர் எங்கேடா?"

"லீவு குடுத்துட்டேன். மாமாதான் ஸ்டிரைக்குன்னு ஆள் சேக்குறாரே, அவரே பாத்துக்கட்டும்."

கான்வென்டில் நான் கற்ற ஒழுக்கத்தோடுதான் அவனை வளர்த்தேன். அதைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை.

போகாதே என்றால் நீ கேட்க மாட்டாய். "நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான்க்கா" என்பாய். ஆகவே, நெருப்பு மூட்டுவதற்கு முன் பாய்லரை ஒட்டி எனக்கு ஒரு நாற்காலி போடு. பெற்றவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனிடம் போய்ச் சொல்ல ஓர் ஆளையும் அனுப்பு.

வெள்ளை உடுத்தி வருவேன். நாற்காலியைக் கரி போகத் துடைத்து வை.

உன் அக்கா