கோடு எழாத தீவு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷாங்காயிலிருந்து யாலின். நான் நலம். புயலுக்குப் பிறகு உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தோட்டப்பயிர்கள் நாடுவிட்டு நாடு போவதைக் காட்ட நான் வேலையில் செய்துவந்த வரைபடம் முடிந்தது. திரையில் ஓர் ஊரின் புள்ளியைத் தொட்டால் ஏற்றுமதிக் கோடுகள் கிளம்பும். நம் ஹைனான் தீவின் ரப்பர் உள்நாட்டிலேயே தீர்ந்துவிடுவதால் நம் புள்ளியிலிருந்து கோடு எழவில்லை.

"சும்மா கிடக்கிற புள்ளிய எதுக்குடி வெச்சிருக்க? தூக்கு" என்று சிரித்தார் மேலாளர் லுவோ அக்கா. நானேதான் தூக்கினேன்.

மஞ்சள் மிளகாய் விழுது ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே குழம்பிலும் சர்க்கரை.

ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில், "எம்மக படத்துல நம்ம தோட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டீர்களாமே. யாருக்கும் போனில் திறந்து காட்டாதீர்கள், அப்பா. நம் ஊரைத் தொட்டால் ஒன்றும் வராது. பால்கறை படிந்த விரல்தான் கோளாறு என்று நினைத்து, துடைத்துத் துடைத்துத் தொட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

அவசரத்தில்,
யாலின்