சிவக்காத கெண்டைக்கால்

திண்டிவனம், 20-2-1941

மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கும் என் தம்பி சூசைக்கு ஒரு மாதமாக இடது கால் சில்லிட்டுக் கிடக்கிறது. பத்தடி நடந்தால் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது. நான் கம்பவுண்டர், எத்தனையோ முதுகுகளில் டம்ளர் கவிழ்த்து வலியை இறக்கியவன். அது கவ்வி இழுத்ததும் ரத்தம் மேலே ஏறி, வட்டமாகத் தோல் சிவக்கும். சாயங்காலம் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கண்ணாடி டம்ளருக்குள் கொளுத்தி அவன் கெண்டைக்காலில் கவிழ்த்தேன். நன்றாகத்தான் கவ்வியது. எடுத்துப் பார்த்தால் தோல் மெழுகாய் வெளுத்திருந்தது. இழுத்துக் கொண்டுவர உள்ளே ரத்தமே ஓடவில்லை.

குப்புறப் படுத்தபடி கேட்டான்: “செவந்துகினு வருதாண்ணே?”

“நல்லா செவந்துகினு வருதுடா.”

“அப்போ விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாம். அங்க காலை எடுத்துடுவாங்க. நாளைக்கே மூட்டைக்குப் போறேன்.”

அவன் கெண்டைக்காலை வேட்டியால் மூடிவிட்டேன்.

அவன் சாப்பிடப் போனதும் அதே டம்ளரை என் காலில் வைத்துப் பார்த்தேன். நொடியில் ரத்தமாய்ச் சிவந்தது. டம்ளரில் குறையில்லை. அந்த வட்டம் அவன் கண்ணில் படாதபடி வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு எழுதுகிறேன். விடிந்தால் அவன் தன் காலைத் திருப்பிப் பார்ப்பான்.